ஐந்துக்கு ஐந்து வாங்கிய மிக்ஸிங் அறை

1

போன மாதம் எங்கள் தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் என் வீட்டுக்காரருக்கு ஒரு துவாலை பரிசு கொடுத்தார்கள். நல்ல கனமான பூத்துவாலை. அவர் வேலை செய்கிற மிக்ஸிங் அறைதான் இந்த வருஷத்தின் மிக ஆரோக்கியமான பிரிவாம். அந்த அறை ஆட்கள் அத்தனை பேரையும் மேடைக்கு அழைத்து, கைகுலுக்கி, ஆளுக்கொரு துவாலை கொடுத்துப் போட்டோவும் எடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். மேடையிலிருந்து இறங்கும்போதே அவருக்கு இருமல் வந்துவிட்டது. பரிசாக வந்த துவாலையையே வாயில் வைத்து அழுத்தி அதை அடக்கினார். 

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியா என்று பெயர் மாறி வருஷக்கணக்காகியும் நம் பக்கத்தில் இன்னும் மலேயா என்றுதானே சொல்கிறீர்கள், அந்த மலேயாவில் கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கேன்வாஸ் சப்பாத்து, நம் ஊரில் ஷூ என்கிறோமே அது, செய்கிற தொழிற்சாலை. மிக்ஸிங் அறை என்பது ரப்பரோடு கரித்தூளையும் கந்தகத்தையும் இன்னும் என்னென்னவோ பொடிகளையும் கொட்டி, பெரிய உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிசைகிற இடம். அங்கிருந்து வெளியே வருகிற ஆளுக்குக் கண்ணும் பல்லும்தான் தெரியும். உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் நம் ஆட்கள். என் வீட்டுக்காரர் ஒக்கூர், நான் புதுவயல்.

விழாவில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. தூசியையும் ஆவியையும் உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெரிய காற்றாடி ஒன்றை மேலிடம் அனுப்பியிருக்கிறது, அதைப் பசை ஒட்டுகிற பிரிவில் மாட்டப் போகிறோம் என்றார் மேனேஜர். அங்கேதான் மதிப்பெண் மிகக் குறைவாம். மிக்ஸிங் அறைக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் அங்கே எல்லோரும் ஐந்துக்கு ஐந்து.

அந்த ஐந்துகளை எழுதிய கை என்னுடையது. தொழிற்சாலை மருந்தறையில் நர்சுக்கு உதவியாளாக இருக்கிறேன்.

2

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே தமிழால்தான். காரைக்குடியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் என்பதெல்லாம் இங்கே யாருக்கும் பொருட்டில்லை. தமிழ் ஆட்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் லிம் சீனப் பெண். என்னைவிட வயதில் மூத்தவர், கண்டிப்பானவர், மனசு நல்ல மனசு. அவருக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. இரண்டு பேரும் அரைகுறை மலாயில் காலம் தள்ளுகிறோம்.

போன வருஷம் மேலிடத்திலிருந்து தொழிலாளர் உடல்நலத் திட்டம் என்று ஒன்று வந்தது. காலையில் கொஞ்ச நேரம் கை கால் அசைக்கும் பயிற்சி, பத்து மணிக்குக் கெட்டிப்பால் கரைத்த சூடான பானம், மருந்தறையில் வாரம் ஒரு நாள் டாக்டர். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் திட்டம் வேலை செய்கிறதா என்று அளந்து அனுப்ப வேண்டும் என்றார்கள். எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள், பால் எவ்வளவு செலவானது என்பதோடு, ஒவ்வொரு ஆளையும் உட்காரவைத்து, தூக்கம் எப்படி, மூச்சு எப்படி, தலை வலிக்கிறதா, உடம்பு அசதியா என்று கேட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். ஐந்து என்றால் ஒரு குறையும் இல்லை.

பசை ஒட்டுகிற பிரிவில் பெரும்பாலும் சீனத்துப் பெண்கள். லிம் கேட்கக் கேட்க அவர்கள் கொட்டித் தீர்த்தார்கள். தலை சுற்றுகிறது, கண் எரிகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை. பொய்யில்லை, அந்தப் பசை வாடைக்கு நானே ஒரு நாள் நின்ற இடத்தில் தள்ளாடியிருக்கிறேன்.

மிக்ஸிங் அறைக்கு லிம்மோடு நானும் போனேன், அங்கே கேட்டு எழுதுகிறவள் நான். முதல் ஆளிடம் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “முருகன் புண்ணியத்துல நல்லாருக்கேம்மா” என்றார். இரண்டாவது ஆளும் நல்லாயிருந்தார். ஒருவர், செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக உடம்பைப் பற்றி என்ன பேச்சு என்று என்னையே கண்டித்தார். நம் ஆட்களை உங்களுக்குத் தெரியாதா? எப்படி இருக்கீக என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பதுதான் பதில். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறவரும் அதைத்தான் சொல்வார். முடியவில்லை என்று வாயால் சொன்னால் அதுவே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அதிலும் கேட்பவள் ஒரு பெண், பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள், கையில் பேனா வேறு.

ஒரே ஒருவர் மட்டும் உடம்பெல்லாம் ஒரே சூடா இருக்கு தாயி என்றார். நாம் சொல்கிற அந்தச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தணிகிற சூடு. நான் அதை அப்படியே மலாயில் சொன்னேன். மலாயில் அதற்குக் காய்ச்சல் என்று அர்த்தமாம். லிம் உடனே தெர்மாமீட்டரை அவர் வாயில் வைத்து, அது ஒன்றும் காட்டாதபோதும் என்ன காய்ச்சலோ என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்றைய கூலி அவருக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசியாக என் வீட்டுக்காரர் வந்தார். அங்கேயும் ஒரு கூத்து. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியது என் வேலை. கட்டிக்கொண்டவர் பெயரை நான் எப்படிச் சொல்வேன்? “அடுத்தவக வாங்க” என்றேன். லிம்முக்குப் புரியவில்லை, பெயர் என்ன, பெயரைச் சொல் என்று நச்சரித்தார். மிக்ஸிங் அறை முழுக்க ஒரே சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்காமல் வந்து உட்கார்ந்தார். வீட்டில் என்னை வாடி போடி என்கிற மனுஷன், எல்லோருக்கும் முன்னால் “சொல்லுங்கம்மா” என்றார். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். காலையில் பல் விளக்கும்போது அவர் காறித் துப்புகிற கறுப்பு எச்சிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிறவள் நான். அந்த என்னிடம், “எனக்கென்னங்க, நல்லாத்தானே இருக்கேன்” என்றார்.

ஐந்து என்று எழுதினேன்.

3

என் பயத்துக்குக் காரணம் புதுவயலில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இது விளங்காது.

அறுபதுகளில் புதுவயலில் எங்கு பார்த்தாலும் ரைஸ் மில். அவிக்கிற நெல்லின் ஆவி தெருவுக்கு வரும், களத்தில் பெண்கள் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே நடப்பார்கள், லாரி வந்து போகும்போதெல்லாம் உமி பறந்து சோற்றுப் பானையில் விழும். என் அப்பா ஆசாரி. மில்லுக்குள் நெல் ஏறி இறங்குகிற மரப்பெட்டிகளையும் சல்லடைகளையும் பழுது பார்க்கிற வேலை. மில் ஓட ஓடத்தான் பழுது தெரியும் என்பதால் தவிட்டுத் தூசி கொட்டுகிற இடத்திலேயே நாள் முழுக்க நிற்பார்.

மில் முதலாளி கானாடுகாத்தான் செட்டியார். இரக்கமுள்ளவர். தூசி தொண்டையில் தங்கக் கூடாது என்று வேலையாட்களுக்குத் தினமும் மத்தியானம் ஒரு கட்டி வெல்லம் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். வாயில் போட்டுச் சப்பினால் தூசியெல்லாம் வெல்லத்தோடு உள்ளே போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள். சாயங்காலம் மில்லைச் சுற்றி வரும்போது அவர் வெல்லக் கூடையைத்தான் பார்ப்பார். “தீந்துருச்சா? அப்பச் சரி” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போவார். கூடை காலியானால் ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பது அவருடைய அளவு.

கூடை தினமும் காலியாயிற்று. களத்துப் பெண்கள் வெல்லத்தை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அப்பா வேட்டி மடிப்பில் கொண்டுவந்தார். நானும் தம்பியும் வாசலிலேயே காத்திருப்போம். தொண்டைக்குத் தூசி, பிள்ளைகளுக்கு வெல்லம் என்று அது ஆளாளுக்குப் பிரிந்து போயிற்று. இப்போது இங்கே பத்து மணிப் பானத்துக்கு வருகிற பால் டின்னும் நம் ஆட்களின் சாப்பாட்டுத் தூக்கில் ஏறி வீட்டுக்குப் போவதை நான் கண்ணால் பார்க்கிறேன். பால் முழுவதும் செலவாகிவிட்டது, திட்டம் வெற்றி என்று மேலிடத்துக்குப் போகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

செட்டியார் கூடையை மட்டும் பார்த்தார் என்று சொன்னால் அது நியாயமில்லை. அப்பாவை நேரில் பார்க்கும்போதெல்லாம், ஆசாரியாரே உடம்பு எப்படி இருக்கு என்று கேட்பாராம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குறையில்லை முதலாளி என்பாராம். வீட்டில் அம்மா கேட்டாலும் அதே பதில்தான். மில்லில் அப்பா இருமி இருமி மரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்பது எங்களுக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? மில்லில் இன்ஜின் ஓட்டுகிற டிரைவர் மாமா ஒரு நாள் பலசரக்குக் கடையில் அம்மாவைப் பார்த்து, “ஆசாரிய எங்குட்டாவது கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டு தாயி, மூச்சு விடுறது இன்ஜின் சத்தத்த மீறிக் கேக்குது” என்று சொன்னார். அந்த மாமாவுக்கே ஒரு காது செத்துப் போயிருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்களுக்கு அதைச் சொன்னவர் அப்பாதான்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நாள் கடந்துவிட்டது என்றார்கள். அப்பா திரும்பி வந்து, மில்லுக்குப் போகாமல் வீட்டோடு இருந்து, அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்த செட்டியார் வாசலில் நின்று அம்மாவிடம், கேட்கும்போதெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றுதானே சொன்னார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண் கலங்கினார். அவர் நிஜமாகவேதான் கேட்டார். 

4

கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது நான் நினைத்ததெல்லாம், இனித் தூசியும் இருமலும் இல்லாத ஊருக்குப் போகிறோம் என்றுதான். மாப்பிள்ளை ரப்பர்க் கம்பெனியில் வேலை என்றார்கள். ரப்பரில் என்ன தூசி இருக்கப் போகிறது என்று நினைத்தேன். புத்திசாலி!

விழா முடிந்து வந்த அன்று வீட்டில் பெரிய சண்டை. நீங்களே போய் லிம்மிடம் இருமல் இருக்கிறது என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை நானே ஒன்று என்று எழுதிவிடுவேன் என்றேன். அவர் கோபக்காரர் இல்லை. அன்றைக்குக் கோபம் வந்தது.

“எம்பேருக்கு நேரா நீ எதையாவது எழுதிவச்சேன்னா அவ்வளவுதான். சிவப்பு அட்டைக்காரனுக்கு நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா பெர்மிட்ட புதுப்பிப்பானா? புள்ளையக் கூட்டிக்கிட்டு ஒக்கூர்ல போயி எறங்குவமா?”

அவருக்கு இருப்பது சிவப்பு அடையாள அட்டை, இந்நாட்டுக் குடிமகன் இல்லை என்று காட்டுகிற அட்டை. அதை வைத்திருப்பவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சன்னலில் கொடுத்து இன்னொரு சன்னலில் வாங்கி, போட்டோ சரியில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்ப, மறுபடி வரிசையில் நிற்பதிலேயே நாள் போய்விடும். நோயாளிக்குப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது ஆட்களுக்குள் ஓடுகிற பேச்சு. அப்படிச் சட்டம் ஒன்று உண்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விசாரிக்கப் போனால் ஏன் விசாரிக்கிறாய் என்று கேட்பார்களே என்று யாரும் விசாரிக்கவில்லை.

எங்கள் மகள் வள்ளி நாங்கள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலாய்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். நம் ஊர்ப் பேச்சு அவள் வாயில் ஒட்டவே இல்லை. வாரீகளா, போறீகளா என்று நான் சொன்னால் சிரிப்பாள். அவளுடைய தமிழ் இந்த ஊர்த் தமிழ், அதிலும் பாதி மலாய். பக்கத்து வீட்டு அம்மா என்ன சேதி என்று மலாயில் கேட்டால், நல்ல சேதி என்று சொல்லிவிட்டு வருவதுதான் இங்கேயும் வழக்கம். இவள் மட்டும் வயிறு வலிக்கிறது, நேற்று இரண்டு தடவை போனேன் என்று விலாவாரியாகச் சொல்லுவாள். எனக்கு மானம் போகும். கூப்பிட்டுத் திட்டுவேன். அன்றைக்கு அவள் அவரைப் பார்த்து, “ஏம்ப்பா நல்லாயிருக்கேன்னு பொய் சொல்றீங்க?” என்று கேட்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அவளை அதட்டினேன். அதட்டினேனே தவிர, அவளுடைய வாய் எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்காவது இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

மறுநாள் லிம்மிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நீ அவர் மனைவி, நீ சொல்வதை நான் எழுத முடியாது, அவர் வாயால் சொன்னால்தான் எழுதலாம் என்றார். அது அவருக்கு வந்திருக்கிற உத்தரவு. என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் என்ன ஆகுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் முகமும் அவர் முகமும் மாறி மாறி வந்தன.

5

அந்த வாரமே கருப்பையா அண்ணன் விரலில் வெட்டுப்பட்டு மருந்தறைக்கு வந்தார். தேவகோட்டைப் பக்கத்து ஆள், மிக்ஸிங் அறையில் என் வீட்டுக்காரருக்கு அடுத்த உருளையில் நிற்பவர். ஊர்ப் பாசத்தில் என்னைத் தங்கச்சி என்று வைத்துக்கொண்டார், அந்தக் கணக்கில் என் வீட்டுக்காரர் அவருக்கு மாப்பிள்ளை. கட்டுப் போட்டுக்கொண்டே, உடம்பெல்லாம் எப்படி இருக்குண்ணே என்று கேட்டு வைத்தேன். தனக்கு ஒன்றுமே இல்லை என்றார். போக எழுந்தவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

“தங்கச்சி, நாஞ் சொன்னேன்னு சொல்லிறாத. மாப்பிள்ளையப் பாக்கச் சகிக்கல. கரிமூட்டையத் தூக்கிட்டு வந்து கொட்டுனா அப்படியே செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்றுறாரு. நான்தான் ரெண்டு பேரு மூட்டையையும் தூக்கிக்கிட்டு இருக்கேன்.”

 அவர் போன பிறகுதான் டிரைவர் மாமா ஞாபகத்துக்கு வந்தார். அன்று என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் காப்பியைக் கொடுத்துவிட்டு, சும்மா கேட்பதுபோல, கருப்பையா அண்ணன் எப்படி இருக்காரு என்று கேட்டேன். அவ்வளவுதான். அவரை நிறுத்த முடியவில்லை. கருப்பையா பாவம், மூன்று மாசமாய் நெஞ்சில் கபம் கட்டிக்கிடக்கிறது, மாடிப்படி ஏறினால் வாய் திறந்து மூச்சு வாங்குகிறான், அவனுக்காக நான்தான் உருளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அரை மணி நேரம் சொன்னார். நம் ஆட்களுக்குத் தன் உடம்பைச் சொல்லத்தான் வாய் வராது. அடுத்தவன் உடம்பு என்றால் நாடி பிடித்த வைத்தியன் மாதிரி ஒன்று விடாமல் சொல்லுவார்கள். சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஆளுக்காள் அடுத்தவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் அங்கே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

மறுநாள் இதை லிம்மிடம் சொல்ல முழுசாக ஒரு காலைப்பொழுது ஆயிற்று. என் மலாய்க்கு அவ்வளவு பெரிய விஷயத்தைச் சுமக்கத் தெம்பில்லை. முதலில், நான் ஊர்வம்பு பேசச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். பிறகு அவருக்கே பொறி தட்டியது. தன் மாமியாரும் அப்படித்தான், கேட்டால் தனக்கு ஒன்றுமில்லை என்பார், மாமனாருக்கு இருக்கிற நோவையெல்லாம் வரிசையாகச் சொல்வார் என்று சிரித்தார். மேனேஜரிடம் கேட்டால் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பார், ஒரு பிரிவில் மட்டும் நாமே செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தவர் லிம்தான். கேள்வியை இரண்டாகச் சுருக்கினார். உங்கள் பக்கத்து ஆள் எப்படி இருக்கிறார்? எவ்வளவு காலமாக அப்படி இருக்கிறார்? யார் சொன்னது என்று எழுதுவதில்லை.

மிக்ஸிங் அறை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். முதல் ஆளுக்குக் கேள்வியைக் கேட்டதும் முகமே மாறியது. பேசத் தொடங்கினார். எல்லோரும் பேசினார்கள். ஒருவருக்கு எச்சிலில் ரத்தம் கலந்து வருகிறது என்று பக்கத்து ஆள் சொன்னபோது லிம் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்னால் சூடு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கூட அடுத்தவரைப் பற்றி இரண்டு பக்கத்துக்குச் சொன்னார். நான் எழுத எழுதக் கை வலித்தது.

லிம் அதை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, வெகு நேரம் ஆயிற்று. மிக்ஸிங் அறைக்கும் ஒரு காற்றாடி கேட்டு எழுதியாகிவிட்டது, வரும் என்கிறார்கள். வந்தால்தான் நிஜம். வருகிற வியாழக்கிழமை அந்த அறை ஆட்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றிக் கிள்ளானுக்கு நெஞ்சுப் படம் எடுக்கக் கூட்டிப் போகிறார்கள். எல்லோருக்கும் என்பதால் யார் பெயரும் தனியாகத் தெரியாது, பெர்மிட் ஆபீசுக்குப் போகிற விஷயமும் இல்லை என்று லிம் எனக்குச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். நம்பத்தான் பார்க்கிறேன். படத்தில் என்ன தெரியுமோ தெரியவில்லை.

6

என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று இன்னும் சொல்லவில்லை.

அவர்தான் கடைசி. இந்த முறையும் பெயர் சொல்லாமல்தான் கூப்பிட்டேன், லிம் இப்போது நச்சரிப்பதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வழியில் வருகிறபோதே இருமிவிட்டு வந்திருந்தார், கண் சிவந்திருந்தது. கருப்பையா அண்ணனைப் பற்றி வீட்டில் சொன்னதையெல்லாம் இப்போது சொல்லுவார் என்று பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“ஒங்க பக்கத்துல இருக்கறவக எப்படி இருக்காக?”

கை துடைத்த துணியை மடித்து மேசையில் வைத்தார்.

“பக்கத்துல இருக்கறவ தூங்குறதே இல்லைங்க. நான் மூச்சு விடுறதக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கா. தட்டுல பாதிச் சோத்த அப்படியே வச்சிட்டு எந்திரிக்கிறா. எல்லாரையும் ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறா, அவள ஒருத்தரும் கேக்கல. எழுதிக்கங்க.”

 லிம் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். லிம்முக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. மலாயில் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. வேறு வழி தெரியாமல் அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“எவ்வளவு காலமா அப்படி இருக்காக?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எனக்கு இந்த இருமல் வந்ததுலேர்ந்து.”

தனக்கு இருமல் இருக்கிறது என்று அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அதை அப்படியே எழுதினேன்.